மூன்று வயதுக் குழந்தை கதையை முழுதாகக் கேட்பதே இல்லை. படப் புத்தகம், கதை, விளையாட்டால் உண்மையிலேயே பயன் உண்டா?

உங்கள் மகன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான், காசு கொடுத்துப் படப் புத்தகம் வாங்குவது வீணோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. அவன் நின்றுவிடுகிற அந்தப் பக்கத்துக்காகத்தான் புத்தகமே. நானும் இதே கவலையில் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் மகளுக்கு இரண்டரை வயதில், ஒரு குடும்பம் சந்தைக்குப் போகிற படப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. கதையில் வருவது அப்பா, பாட்டி, ஒரு பெரிய பூசணிக்காய், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கத்தின் ஓரத்தில், தராசுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கும். நான் அடுத்த பக்கத்துக்குப் போனால் அவள் திரும்ப அங்கேயே வந்து, குட்டியின் மேல் விரலை வைத்து, "அதோட அம்மா எங்க?" என்பாள். எனக்கோ அடுப்பில் பால், காலையில் ஏழு மணிக்கு பஸ். "கதையைக் கேளு பாப்பா" என்று நாலைந்து நாள் ஓட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொப்புச் சாமான்களைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். துணி மாட்டும் கிளிப் ஒன்றைப் படுக்க வைத்து, என் கைக்குட்டையைப் போர்த்தி, "அம்மா ஆபீஸ் போயிருக்கு, சாயங்காலம் வந்துடும், அழாத" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் வாசலில் நான் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிற அதே வார்த்தை, அதே இழுவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மடியில் நான் முடிக்க விடாத கதையை அவள் தரையில் முடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து படம், கதை, விளையாட்டு மூன்றையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. குழந்தை குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுவதைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இலேயே பேசியிருக்கிறார்: கண்ணுக்குத் தெரிகிற பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைக் கழற்றி வேறொன்றின் மேல் மாட்டக் குழந்தை விளையாட்டில்தான் பழகுகிறது என்றார். கிளிப் நாய்க்குட்டியானதும் அதுதான். நாளைக்கு 'அ' என்ற கோட்டுக்கு ஒரு ஒலி உண்டு என்று ஏற்றுக்கொள்வதற்கும் அதே பழக்கம்தானே வேண்டும்? மூன்று வயதில் பென்சிலைத் திணிக்கிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வாசிக்கும்போது பேச்சை வளர்ப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் இரு பிரிவாக ஒரு மாதம் படப் புத்தகம் வாசித்தார்கள். வாசித்த தடவைகள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிரிவுக்கு மட்டும், நடுநடுவே நிறுத்தி "இது என்ன செய்யுது?" என்று கேட்கவும் குழந்தை சொன்னதை நீட்டிப் பேசவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் அந்தக் குழந்தைகள் சொல்லவந்ததைச் சொல்லும் திறனில் மற்றவர்களைவிட 6 முதல் 8.5 மாதம் வரை முன்னால் இருந்தார்கள்.

நம் பாட்டிகளுக்கு இது புதிதே இல்லை. கதை கேட்கிற பிள்ளை "உம்" கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். என் அம்மாச்சி வேண்டுமென்றே நரியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, "அப்புறம் என்னடி பண்ணியிருக்கும்?" என்று என்னைக் கேட்பார். நான் சொன்ன வழியிலேயே நரி போகும்.

நல்ல படப் புத்தகமும் குழந்தைக்கு அப்படி இடம் விட்டுவைக்கும். பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' புத்தகத்தில் மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள், ஒரு கோழி, பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான் எழுத்தில் இருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டே வருகிற நரியைப் பற்றி ஒரு சொல் கிடையாது, அது படத்தில் மட்டும்தான். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு, வாசிக்கிற அம்மா சொல்லாத ஒரு விஷயம் தெரிகிறது, அது நம்மைப் பார்த்து "நரி, நரி!" என்று கத்துகிறது பாருங்கள், அந்தப் பெருமையை வேறு எதில் கொடுக்க முடியும்?

செலவுதான் தயக்கம் என்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பிரிண்ட் எடுத்து நூல் கோத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் போனில் காட்டுவதைவிடக் காகிதம் நல்லது, விரலை வைத்தால் பக்கம் ஓடிவிடாது.

சரி, இன்றைக்கு ராத்திரி அவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறானோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். என்ன பார்க்கிறான் என்று கேளுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு சொல்லுங்கள். அதற்குள் தூக்கம் வந்துவிட்டால் மூடி வைத்துவிடுங்கள், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.