ஊட்டிக்குக் கேரவன் இழுக்க எந்த டீசல் ஃபோர் வீல் டிரைவ்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குக் கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு, இழுக்க மஹிந்திரா தார் போதுமா, ஃபார்ச்சூனர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபார்ச்சூனர்தான். ஆட்டோமேட்டிக் டீசலில் 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. தாரின் 300 சின்ன டிரெய்லருக்குச் சரி. ஆனால் மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, 2450 மில்லிமீட்டர்தான், பின்னால் பாரம் ஆடினால் வண்டியையும் சேர்த்து ஆட்டிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் இருக்கட்டும். தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாறு வருவதற்குள் லைனிங் கருகும் வாடை வந்துவிடும்.

அப்புறம், காய்ந்த சாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் அமைப்பு, போடாதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் எல்லாம் இறுகிக்கொள்ளும். மழையில் ஊறிய புல்தரையிலிருந்து கேரவனை வெளியே எடுக்கத்தான் அது.