சில வில்லன்கள் மட்டும் ஏன் மனதை விட்டுப் போவதில்லை?

படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சில வில்லன்கள் உறுத்துவது ஏன் என்பது கேள்வி.

வில்லன் என்றால் கதாநாயகன் போகும் வழியை மறிப்பவர், அவ்வளவுதான். அதற்குக் கத்தி தேவையில்லை. அடுத்து என்ன செய்வார் என்று பிடிபடாமலும், சொல்வதில் கொஞ்சம் நியாயத்தோடும் இருந்தால் உறுத்தல் தொடங்கிவிடும். 'தனி ஒருவன்' (2015) அரவிந்த்சாமி சிரித்தபடியேதான் கதைப்பார்.

திருகோணமலையில் இதைக் கடலை வைத்தே சொல்லலாம். மார்கழி வாடைக்காற்றில் கடல் இரையும்போது ஒருவரும் கால் நனைக்கமாட்டார்கள். உட்துறைமுகமோ குளம் மாதிரிக் கிடக்கும். கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்போம். மலை மாதிரிக் கப்பல் ஒன்று உள்ளே வரும்போதுதான் அடியில் எவ்வளவு ஆழம் என்று உறைக்கும். நல்ல வில்லன் அந்த ரகம்.

அப்புறம், ஒரு சின்னப் பழக்கம். நம்பியார் திரையில் கையைப் பிசைந்தாலே போதும், எங்கள் அம்மம்மா "வாறான் பார்" என்று பாயில் நகர்ந்து உட்காருவார். (நிஜத்தில் அந்த மனிதர் பலரைச் சபரிமலைக்கு அழைத்துப்போன குருசாமி!) பின்னணி இசையும் உதவும்தான், ஆனால் அதை நான் இரண்டாவதாகவே வைப்பேன்.

நிறையக் கொலை செய்தால்தான் பயங்கர வில்லன் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தாவது கொலையில் கொட்டாவி வந்துவிடும், முதல் கொலைக்கு முன் அவர் தேத்தண்ணியை ஆற்றிக் குடிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் நம்மை வெருட்டுகிறது.