டிராயிங் வாத்தியார் பதில்கள்

போன மாதம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுவே. சமையல்கட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்ட மூன்று பேரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தபோது பேரன் எங்களை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போனான். உள்ளே படங்கள், வெளியே தோட்டமெல்லாம் கல்லும் தகடுமாகச் சிலைகள். ஒன்றுக்கும் பொருள் விளங்கவில்லை. ஒரு படத்தில் ஜாதகம் மாதிரி கட்டம் போட்டு ஏதோ எழுதியிருந்தது, அதையும் படிக்க முடியவில்லை. 'இதுக்கு மகாபலிபுரமே போயிருக்கலாம்'னு எங்க வீட்டு அவுக வீடு வரும்வரை சொல்லிக்கிட்டே வந்தாக. எங்களுக்குத்தான் தெரியவில்லையா?
— கொத்தமங்கலம் ஆச்சி ஒருவர்

ஆச்சி, இதே கேள்வியைக் கேட்டு அசடு வழிந்தவன் நான். சென்னையில் ஓவியம் படித்த காலத்தில், செம்புத் தகட்டை அடித்து வளைத்துச் செய்த ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றுகொண்டு எங்கள் வாத்தியாரிடம் "இதுக்கு என்ன பொருள் சார்?" என்றேன். "செம்பு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "மொதல்ல அந்தப் பொருளப் பாரு. மத்தப் பொருள அப்புறம் கேளு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னபடி செய்து பார்க்கவே எனக்குச் சில வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தோட்டத்தில் பார்த்த கருங்கல் சிற்பம் ஏதாவது ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சில இடம் எண்ணெய் பூசினாற்போல் கறுப்பாக இருந்திருக்கும், சில இடம் சாம்பல் பூத்தாற்போல் இருந்திருக்கும். இரண்டும் ஒரே கல். மெருகு ஏற்றிய இடம் கறுக்கும், உளி கொத்திய இடம் வெளுக்கும். இது உங்களுக்குத் தெரியாததா? அம்மி கொத்துகிறவர் வந்துபோன அன்று அம்மி எப்படி இருந்தது, ஆறு மாதம் மிளகாய் அரைத்த பிறகு எப்படி ஆனது? அதே வித்தைதான். சிற்பி வர்ணத்தைத் தொடாமல் உளியை வைத்தே ஒரு கல்லில் இரண்டு நிறம் கொண்டுவருகிறார். எந்த இடத்தை வழவழப்பாக்கினார், எதைக் கொத்தியபடியே விட்டார் என்று மட்டும் பாருங்கள். அது முகமா மேகமா என்ற கவலை பிறகு வரட்டும்.

தகட்டு வேலைக்குக் கண் வேறு மாதிரி போக வேண்டும். பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் போன்ற சிற்பிகள் கோயில் கவசத்தையும், சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியையும் பார்த்து வளர்ந்த கைக்காரர்கள். அவர்கள் சிற்பங்கள் பெரும்பாலும் முன்னால் நின்று பார்ப்பதற்காகவே செய்தவை. சந்நிதியில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். சாமிக்குப் பின்னால் நாம் போவதில்லை. ஆனால் இங்கே நான் போவேன். பின்பக்கம்தான் எந்தத் துண்டை எதோடு பற்றவைத்தார்கள், எங்கே கை தடுமாறியது என்று தெரியும். பாத்திரக்கடையில் குடத்தைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

ஜாதகக் கட்டம் என்று நீங்கள் சொல்வது கே.சி.எஸ். பணிக்கரின் படமாகத்தான் இருக்க வேண்டும். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் அப்படித்தான் வரைந்தார். எழுத்துப்போல இருக்கும், எந்த மொழியும் இல்லை. படிக்க முடியாதபடியே எழுதியது, உங்கள் கண்ணாடியில் கோளாறு இல்லை. ஜோசியர் கையில் இருக்கும் ஓலையை எட்டிப் பார்க்கும்போது, ஒன்றும் புரியாவிட்டாலும் நம்மைப் பற்றி என்னமோ எழுதியிருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தப் படங்களின் முன்னால் எனக்கு அதுதான் நடக்கும்.

இனி உங்கள் வீட்டு அவுகளுக்கு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் 1966-ல் அந்தக் கிராமத்தைத் தொடங்கினார்கள். படம் விற்று வயிறு கழுவ முடியாத காலம். மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி முதலான கைவேலைகளைச் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். இப்போது நீங்கள் பார்த்த மியூசியம் 2009-ல்தான் வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன வம்சத்தில் பிறந்தவருக்குச் சிலை பிடிக்காவிட்டாலும் இந்தக் கணக்கு பிடிக்கும். சொல்லிப் பாருங்கள்.

திறந்தவெளியில் இருக்கும் சிற்பத்தைத் தொட்டால் என்ன? மழையும் வெயிலும் படாததா? காவலாளி என்னைச் சின்னப் பையனை விரட்டுவதுபோல் விரட்டினார்.
— தேவகோட்டை வாசகர்

விரட்டியது சரி, விரட்டிய விதம் தவறாக இருக்கலாம். கை வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது. மழை எல்லா இடத்திலும் பெய்யும். ஆட்கள் தொடுவதோ ஒரே இடத்தை. மூக்கு, முழங்கால், நீட்டிக்கொண்டிருக்கும் முனை என்று அங்கே மட்டும் தேய்ந்து பளபளத்துப்போகும்.

ஒருமுறை எங்கள் தெரு ஆட்களோடு அங்கே போயிருந்தேன். பச்சை பூத்த செம்புச் சிற்பம் ஒன்றைப் பார்த்து ஒரு ஆச்சி நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். "இப்படிக் களிம்பு ஏற விட்டுட்டாகளே. ஒரு உருண்டை புளி போதும்" என்று முந்தானையை வேறு எடுத்துவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். சமையல் பாத்திரத்தில் களிம்பு ஆகாது. சிற்பத்தில் அந்தப் பச்சை ஒட்டிக்கொண்டு அடியில் இருக்கும் செம்பைக் காக்கும். சிலர் அமிலமும் நெருப்பும் வைத்து வேண்டுமென்றே அந்த நிறத்தை வரவழைப்பார்கள். இரும்புத் துரு அப்படியில்லை, உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும். ஆச்சி கேட்டுவிட்டு, "இருந்தாலும் வெள்ளி செவ்வாய் தேச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள்.

நம்மூர் ஐயனார் குதிரைக்கு மிஞ்சிய சிற்பமா? சோழமண்டலத்தைப் பார்க்க 400 கிலோமீட்டர் போக வேண்டுமா?
— திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர்

குதிரை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் கடைசியாக எப்போது அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றீர்கள்? பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தது கணக்கில் வராது.

போய்ப் பாருங்கள். நாலு காலும் நாலு குழாய். உடம்பும் உள்ளே கூடுதான். கெட்டியாகப் பிடித்தால் சுடும்போது வெடித்துவிடும் என்று குதிரை செய்யும் வேளார்களுக்குத் தெரியும். அதனால் களிமண்ணில் மணலும் உமியும் கலப்பார்கள், சூடு வெளியேற அங்கங்கே ஓட்டை விடுவார்கள். கழுத்து மணி ஒவ்வொன்றும் தனித்தனியாக உருட்டி ஒட்டியது. கிட்டே போனால் சில மணிகளில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் புதுக் குதிரை வந்தால் பழையதை யாரும் பழுது பார்ப்பதில்லை. அது பக்கத்திலேயே நின்று, காது போய், வால் போய், மண்ணாகட்டும் என்று விட்டுவிடுவோம். நேர்த்திக்கடன் செலுத்திய அன்றே அதன் வேலை முடிந்தது. மியூசியத் தோட்டத்தில் ஒரு விரற்கடை விரிசல் விட்டாலும் ஆள் வந்து பார்ப்பார்கள். எது உசத்தி என்று கேட்காதீர்கள். அங்கே போய்வந்த பிறகுதான் நான் இங்கே இருக்கும் உடைந்த குதிரைகளை வரைய ஆரம்பித்தேன். பஸ் காசு அதற்கே சரியாகிவிட்டது.

மெரினா உழைப்பாளர் சிலை செய்தது யார்?
— பள்ளத்தூர் வாசகி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் காந்தி சிலையும் அவர் கைதான். இரண்டும் 1959. பணிக்கருக்கு முன்னால் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர்.

சோழமண்டலத்துக்கு ஒரு நாளில் போய்வர வழி சொல்லுங்கள்.
— காரைக்குடி கல்லூரி மாணவி

ஒரு நாளில் முடியாது அம்மா. காரைக்குடியில் விடியுமுன் பல்லவன் ரயில் ஏறினால் எழும்பூர் போக மதியம் ஆகிவிடும். உச்சி வெயிலில் கருங்கல்லைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை, நிழலே விழாது. ராத்தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போ. சாய்ந்த வெயில் இருக்கும்போது முதலில் தோட்டம், வெயில் ஏறியதும் உள்ளே படங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தலைவலி என்கிறார்கள். மதியத்துக்கு மேல் அதே சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம். அங்கே நம்மூர் வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியில் இருந்து போய்ச் செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க டிக்கெட் எடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, எடு.

எங்கள் பழைய வீட்டு வளவில் நவீன சிற்பம் ஒன்று வைக்க ஆசை. இரும்பில் ஆளுயரம். எதைக் கவனிக்க வேண்டும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தரையை. அங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. மனிதர் நடக்க நூறு வருடம் தாங்கும். நாலு இரும்புக் காலில் மொத்தப் பாரமும் இறங்கினால் விரிசல் விடலாம். அடியில் அகலமான கருங்கல் பலகை போட்டுப் பாரத்தைப் பரப்புங்கள். வளவு வாசல் திறந்த முற்றம், மழை நேரே இறங்கும். துருத் தண்ணீர் அந்தக் கல்லில் ஊறினால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆகவே பின்கட்டுத் தோட்டத்தில் மண்ணில் அஸ்திவாரம் போட்டு வைப்பதே என் யோசனை. முகப்பில் மட்டும் வேண்டாம். தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, தாத்தா போட்டோ என்று அங்கே ஏற்கெனவே கூட்டம்.

சார், நிறைய சிலைக்குக் கீழே 'தலைப்பில்லை' என்று போட்டிருந்தது. பேர் வைக்க மறந்துவிட்டார்களா?
— கானாடுகாத்தான், ஏழாம் வகுப்பு மாணவன்

மறக்கவில்லை அப்பு. பேர் எழுதியிருந்தால் நீ பேரை வாசித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடியிருப்பாய். அடுத்த முறை நோட்டும் பென்சிலும் கொண்டுபோ. ஒரே ஒரு சிலையை வரை, அழிக்கும் ரப்பர் வேண்டாம், கடைசியில் நீயே பேர் வை. என்னிடம் படித்த பையன் ஒருவன் குனிந்தாற்போல் இருந்த பெரிய கல் ஒன்றை இப்படி வரைந்து, அடியில் 'ஆயா கோலம் போடுறாக' என்று எழுதிக் கொடுத்தான். கோலம் எங்கேடா என்றேன். "இன்னும் போட ஆரம்பிக்கல சார்."