கொட்டகைக்குள் வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் படுக்கையறை, சமையலறை, குளியலறை கொண்ட சிறு வீட்டை நானே கட்டிக்கொள்ள விரும்புகிறேன். கூரையும் சுவரும் இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். முன் அனுபவம் இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி வேலை முடிந்துவிட்டது என்பதை நான் ஒப்பமாட்டேன். கொட்டகை உங்களுக்குத் தருவது ஒரு குடை மட்டுமே. மழைக்கு அஞ்சாமல் விடுமுறை நாள்களில் நிதானமாக வேலை செய்யலாம் என்பது புதியவருக்குப் பெரிய வசதிதான். ஆனால் அந்தக் குடையையே வீட்டின் கூரையாகக் கொண்டால் சிக்கல் தொடங்கிவிடும். நானும் அப்படிச் செய்தவன். என் முதல் அறையின் உட்கூரைப் பலகைகளைக் கொட்டகையின் சட்டங்களிலேயே தொங்கவிட்டு, தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ் வூலைத் திணித்து மூடினேன். குளிர்காலம் வந்ததும், மழையே பெய்யாத விடியற்காலைகளில் உட்கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. ஓட்டையைத் தேடி ஒரு வாரம் கூரைமேல் ஏறி இறங்கினேன். ஓட்டை எதுவும் இல்லை.

மூச்சாலும் சமையலாலும் குளியலாலும் ஈரமேறிய அறைக்காற்று, இரவில் குளிர்ந்துபோன தகரத்தைத் தொட்டதும், குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல அங்கே துளிகளாகப் படிந்துவிடுகிறது. நனைந்த பஞ்சு வெப்பத்தையும் தடுக்காது, மூடிய இடுக்கில் எளிதில் உலரவும் செய்யாது. ஆகவே உள்வீடு தன் சொந்தத் தூண்களில், தன் சொந்தக் கூரையுடன் நிற்கட்டும். அந்தக் கூரைக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று இருபுறமும் ஓடும்படி இடைவெளி விடுங்கள். பகலில் தகரம் உமிழும் வெப்பத்தையும் அந்தக் காற்றோட்டம் ஓரளவு வெளியே கொண்டுபோகும். 12 மீட்டர் இரும்பு 40 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும் என்பதால், அதனோடு இறுகப் பிணைத்த சுவரின் மூட்டுகளில் விரிசல் விடுவதும் இயல்பே. கொட்டகைச் சட்டங்கள் பெரும்பாலும் தகரத்தின் எடைக்கும் காற்றின் விசைக்கும் கணக்கிட்டுப் போடப்பட்டவை. 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அரை டன் என்பதை மறந்து அதை அவற்றின்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் தரை. அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை கான்கிரீட்டின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் ஈரம் கோத்திருந்தால், ஈரத்தடுப்புத் தாள் விரித்த பிறகே மேல்தரை போட வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு 40-க்கு 1 என்று சரிவு கொடுத்தால் 4 மீட்டர் ஓட்டத்தில் 10 சென்டிமீட்டர் இறக்கம் தேவை. ஏற்கெனவே போட்ட தரையில் அதற்கு இடமிருக்காது என்பதால், கான்கிரீட்டை வெட்ட வேண்டும், அல்லது குளியலறையின் தரையை உயர்த்த வேண்டும்.

கொட்டகைக்குள் திறக்கும் ஜன்னலை நான் ஜன்னலாகக் கருதுவதில்லை. வெளிக்காற்று நேராக உள்ளே வர வேண்டும். தீப்பிடித்தால் படுக்கையறையிலிருந்து நேராக வெளியே போகவும் வழி வேண்டும். மீதிக் கொட்டகையில் வாகனத்தையோ ஜெனரேட்டரையோ ஓடவிடவே கூடாது, ஏனெனில் அவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோக நேரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று, எளிதில் தீப்பற்றும் தெர்மாகோலை மூடாமல் ஒட்டுவதும் வேண்டாம்.

மின்சார வேலையை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். கொட்டகையின் இரும்புச் சட்டம் முழுவதும் எர்த் செய்யப்பட்டிருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடங்காக அனுமதி பெற்ற கட்டடத்தில் குடியிருக்கலாமா என்பதைப் பொருள் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவதும் நல்லது.

தரைச் சோதனையின் முடிவையும், வடிகால் கொட்டகையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். குளியலறையை எங்கே வைப்பது என்று அதைக் கொண்டு சொல்கிறேன்.