ஒரே வெந்நீர்தான், ஓரிடம் மட்டும் ஏன் தடித்தது?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் என் ஏழு வயது மகளின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. மேல்கை பத்தே நாளில் சுவடில்லாமல் ஆறிவிட்டது. முழங்கை மடிப்பில் புண் மூட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அங்கே தழும்பு சிவந்து, கயிறு போலத் தடித்து, ஓயாமல் அரிக்கிறது. நான் கவனிக்காமல் விட்டதுதான் காரணமா?

பதில்: இல்லை அம்மா, அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். பத்து நாள், ஒரு மாதம் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

மேல்தோல் செல்கள் மயிர்க்கால்களுக்குள்ளும் இருக்கின்றன. சூடு ஆழம் இறங்காத இடத்தில் அவை அங்கிருந்து தீவு தீவாகப் பரவிப் புண்ணை மூடிவிடும். ஆழமாக வெந்த இடத்தில் மயிர்க்கால்களும் அழிந்துபோவதால், புண்ணின் ஓரத்திலிருந்துதான் செல்கள் ஊர்ந்து வர வேண்டும். நாளாகும்.

அதற்குள் அடித்தோலில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்ற புரத நாரைக் குவித்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு 'போதும்' என்று சொல்வதில் புண்ணை மூடிய மேல்தோல் செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மூடல் மூன்று வாரத்தைத் தாண்டினால் தழும்பு தடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஃபைப்ரோபிளாஸ்டுகளில் சில தசையைப் போலச் சுருங்கும் செல்களாகவும் மாறிவிடும். மடிப்பில் கயிறு போல இழுப்பது அதனால்தான்.

தழும்பை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்து, உடனே மறுபடி சிவந்தால், அங்கே ரத்தக் குழாய்கள் இன்னும் மிகுந்திருக்கின்றன, தழும்பு முதிரவில்லை என்று பொருள். எனக்கு அது நல்ல செய்தி. முதிர ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். அதுவரை அதைப் பணியவைக்க முடியும்.

தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஜெல் ஷீட் மேல்தோலின் ஈரத்தைக் காக்கிறது. ஈரம் குறையாத மேல்தோல், கீழே உள்ள செல்களை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. தழும்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை மருத்துவர் தந்தால், குளிக்கும் நேரம் போக நாள் முழுதும் அணிய வேண்டியிருக்கும். குழந்தை வளர்வதால் அவ்வப்போது அளவை மாற்றுங்கள். அரிப்புக்கும் மருந்து உண்டு, அவளைத் தூக்கமில்லாமல் தவிக்க விடாதீர்கள்.

எனக்குக் கவலை முழங்கைதான். இன்றே இரு கைகளையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். தழும்புள்ள கை முழுதாக நீளவில்லை என்றால், நாள் கடத்தாமல் பிளாஸ்டிக் சர்ஜனிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் அழைத்துச் செல்லுங்கள்.