வெள்ளவத்தை மொட்டைமாடியில் 40 அடி அமெச்சூர் ரேடியோ கோபுரம்: புயற்காற்றைத் தாங்குமா?

வேகத்தை மட்டும் கேட்டால் போதாது. உச்சியில் ஏற்றும் அன்டெனாவின் பரப்பளவையும் சேர்த்துத்தான் எல்லை சொல்ல முடியும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ அழுத்தம். 140இல் அது இரட்டிப்பு.

கொழும்பில் எனக்குப் புயலைவிடக் கடல் உப்பில்தான் பயம். காலி வீதிக்குக் கடற்பக்கம் என்றால் ஸ்டே கம்பி (கோபுரம் சாயாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி), அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள்ளே வெளியில் தெரியாமல் துருப்பிடிக்கும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்குமுன் அந்த இடுக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டேயை முறுக்கி இறுக்கும் டேர்ன்பக்கிள் அதிர்வில் சுழன்று தளராதபடி நடுவே கம்பி கோத்துக் கட்டுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் ஸ்டேயைக் கட்டவே வேண்டாம். செங்கல் பக்கவாட்டு இழுவைக்குத் தாங்காது. கொங்கிரீட் தூண்தான், அதையும் ஒரு பொறியியலாளரிடம் காட்டிவிட்டு. இறக்கக்கூடிய கோபுரமா? எச்சரிக்கை வந்தவுடன் இறக்கிவிடுங்கள்.