சேற்றில் இறங்கும் மகளுக்கு முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்

அண்ணே, வணக்கம். கடலோரத்தில் அலையாத்தி மரக்கன்று நடும் மூன்று மாத வேலைக்கு மகளை அனுப்பலாமா என்று எழுதியிருந்தீர்கள். "பி.எஸ்சி. தாவரவியல் படிக்கவைத்தது, மூன்று மாதம் சேற்றில் கன்று நடவா?" என்று கேட்டிருந்தீர்கள். தொண்டிப் பக்கம் கடலுக்குப் போய் மகளைப் பட்டதாரியாக்கிய தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான் அது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்புங்கள். ஆனால் இந்த மூன்று மாதத்தை எதற்காகச் செலவழிக்கிறாள் என்பதை அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு அனுப்புங்கள்.

இந்த வேலை நிரந்தரமில்லை. அதில் நீங்கள் பயப்படுவது சரி. கூலி நாள் கணக்குத்தான், வேலை இல்லாத நாளுக்குக் காசு கிடையாது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் நடவும் அதை ஒட்டியே வரும். அதற்கு முன்பு நாற்றங்காலில் பை நிரப்புவது, வாய்க்கால் வெட்டுவது. தை பிறந்துவிட்டால் ஆள் தேவை குறைந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட வருவதும் தை, மாசி, பங்குனியில்தான். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கும் வேலைக்கு அப்போது ஆள் எடுக்கிறார்களா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு வைக்கலாம்.

சரி, சேற்றில் என்ன படிப்பு இருக்கிறது? அலையாத்திக் காடு உள்ள காரங்காட்டுக்கு ஒருமுறை மகளோடு போய்ப் பாருங்கள். பாக் விரிகுடாவில் கடலின் ஏற்றவற்றம் குறைவு. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறிவிடும். அங்கே எத்தனை கன்று வைத்தாலும் கருகும். அதனால்தான் நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் மீன்முள் மாதிரி வெட்டி, அந்தக் கரைச் சரிவில் நடுகிறார்கள். கரையில் எந்த உயரத்தில் வைத்தால் தண்ணீர் வந்து போகும், எங்கே வைத்தால் மூழ்கிக் கிடக்கும் என்பது புத்தகத்தில் படித்து வராது. முழங்கால் அளவு சேற்றில் நின்றால்தான் பிடிபடும்.

விதை எடுப்பதும் அப்படித்தான். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதை, மரத்தில் இருக்கும்போதே முளைத்து, குட்டி முருங்கைக்காய் மாதிரி தொங்கும். காயும் தண்டும் சேரும் இடத்தில் வளையம் மஞ்சளாக மாறியிருந்தால்தான் அது முற்றியது. பச்சையாகப் பறித்தால் வீண். உங்கள் மகள் கல்லூரியில் இதைப் படமாக வரைந்திருப்பாள். கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாளா?

அடுத்து, நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்வது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, இடம், எந்த மரம், எத்தனை நட்டார்கள், அன்று தண்ணீர் எப்படி இருந்தது என்று தினமும் நாலு வரி எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அதே வரிசைக்குப் போய் எத்தனை உயிரோடு நிற்கிறது, எதை ஆடு கடித்தது, எது அலையில் போனது என்று எண்ணட்டும். ஆயிரம் கன்று நட்டேன் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் எத்தனை பிழைத்தது, ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்களைத்தான் ஆய்வுத் திட்டங்களில் களப்பணிக்குத் தேடுகிறார்கள். 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு நடவு பெருகியிருக்கிறது. அதைக் கணக்கெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பது என் கருத்து.

மீதி ஒன்பது மாதத்துக்கு வழி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலேயே வனக்காப்பாளர் பதவியையும் 2024 முதல் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ போதும். பெண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் நடைத் தேர்வு உண்டு. சேற்றில் நடந்து பழகிய காலுக்கு அது பெரிய பயமாக இருக்காது. வனத்தொழில் பழகுநர் பதவிக்குத் தாவரவியல் பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு அடிக்கடி வராது, ஆனால் வரும்போது தயாராக இருக்க வேண்டும். மேலே படிக்க ஆசைப்பட்டால் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் முதலில் அங்கே நேரில் விசாரியுங்கள். வெளியூர் போகவும் தயார் என்றால் கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்.

சில விஷயங்களில் மட்டும் கறாராக இருங்கள். வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கூலி அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். எத்தனை நாள், என்ன வேலை என்று எழுதிய சான்றிதழை வேலை முடியும் அன்றே கையெழுத்தோடு வாங்கிவிட வேண்டும். பிறகு தருகிறோம் என்றால் அலைந்து திரிய வேண்டியிருக்கும். சேற்றுக்குள் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், கட்டிய ஷூ இல்லாமல் இறங்கக் கூடாது, டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், கழிப்பறை எங்கே, சாயங்காலம் திரும்ப வண்டி உண்டா என்று மேஸ்திரியிடம் நீங்களே கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள் அண்ணே. அம்மாக்கள் கேட்கிறார்கள், அப்பாக்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புயல் நாளில் அலையின் வேகத்தைக் குறைப்பதும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வதும் இந்த அலையாத்திக் காட்டில்தான் என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாலு பேருக்கும் உங்களுக்கும் அடுத்த வருஷத்து வலையில் விழப்போவது அங்கிருந்துதான் வருகிறது.

பொங்கல் முடிந்ததும் மகளை அந்த நோட்டோடு என்னிடம் அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு எந்த விண்ணப்பத்தை முதலில் போடலாம் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்வோம்.